ரேண்டம் டேபிள்கள்: அச்சுநூலா, இணையமா, சீட்டுக்கட்டா, சொந்தக் கையெழுத்தா?

பெங்களூரில் தமிழ் பேசும் நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வார இறுதிகளில் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம்) நடத்தத் தொடங்கினால், ஒரு மாதம் கடப்பதற்குள் கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டரிடம் சரக்கு தீர்ந்துவிடுகிறது. வாரநாள்களை அலுவலகமும் அவுட்டர் ரிங் ரோட்டின் நெரிசலும் எடுத்துக்கொள்ள, அடுத்த செஷனைப் பற்றி யோசிக்கச் சனிக்கிழமை இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதுவே பெரிது. அந்த நேரத்தில் கைகொடுப்பதுதான் ரேண்டம் டேபிள். ஆட்கள், பொருள்கள், நிகழ்வுகள் ஆகியவற்றை எண்ணிட்ட வரிகளாக எழுதிவைத்து, பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் வரியைக் கதைக்குள் கொண்டுவரும் முறை இது. இத்தகைய அட்டவணைகளை அச்சிட்ட விதிநூல்களிலிருந்து எடுக்கலாம். இத்தகைய வரிகளைத் தானாகவே உருவாக்கித் தரும் இணைய ஜெனரேட்டர்களிடம் கேட்டுப் பெறலாம். சீட்டுக்கட்டையோ படப் பகடைகளையோ அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். நாமே உட்கார்ந்து எழுதவும் செய்யலாம். ஒரே குழு நீண்ட கேம்பெயினை, அதாவது பல செஷன்களாகத் தொடரும் ஒரே கதையை, ஆடுவதானால் சொந்த அட்டவணைக்கு ஈடானது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மற்ற மூன்றும் நன்றாகச் செய்யும் வேலைகளும் உண்டு. அவற்றை அறியாமல் எல்லாவற்றையும் சொந்தமாகவே எழுத முற்படுபவர் விரைவில் களைத்துவிடுவார்.

ஒப்பிடுவதற்கு முன்னால், அட்டவணையிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தின் முதல் பதிப்பிலேயே, அலைந்து திரியும் அரக்கர்களுக்கான அட்டவணைகள் இடம்பெற்றிருந்தன. பாதாள அறைகளில் ஆட்டக்காரர்கள் செலவிடும் ஒவ்வொரு டர்னுக்கும் (ஆட்ட நேரத்தின் ஓர் அலகு) நடுவரான கேம் மாஸ்டர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார்; ஆறு விழுந்தால் ஏதோ ஒன்று எதிரே வந்து நிற்கும். ஓரிடத்தில் தயங்கித் தயங்கி நேரத்தைக் கடத்தினால் அதற்கு விலை கொடுக்க நேரும் என்று ஆட்டக்காரர்களுக்கு உணர்த்துவதே அந்த உருட்டலின் வேலையாக இருந்தது. கதைக்கு ஒரு பொறி வேண்டும் என்று நாம் இன்று அட்டவணையை நாடுவது இதிலிருந்து வேறுபட்ட தேவை. நெருக்கடி தருவதற்காக எழுதிய அட்டவணையிடம் கற்பனைக்குத் தூண்டுதல் கேட்டால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

அச்சுநூல்களின் பலம் முதல் வகை வேலையில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. 1979இல் அதே ஆட்டத்தின் கேம் மாஸ்டர்களுக்கு வழிகாட்டியாக வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் பின்னிணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பகடையை மட்டுமே உருட்டி, தாழ்வாரம், கதவு, அறை, படிக்கட்டு என்று ஒரு பாதாள வளாகம் முழுவதையும் வரைந்துவிடலாம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கைடில் புதையல் அட்டவணைகள் எதிரியின் வலிமைக்கேற்பப் படிநிலைப்படுத்தப்பட்டிருப்பதால், அனுபவம் குறைந்த கேம் மாஸ்டர்கூடத் தொடக்க நிலையிலேயே அள்ளிக் கொடுத்து ஆட்டத்தின் சமநிலையைக் குலைக்க மாட்டார். பலமுறை ஆடிச் சோதித்த எண்கள் அவை. அந்தக் கணக்கை நாம் வீட்டில் உட்கார்ந்து புதிதாகப் போட வேண்டிய அவசியமே இல்லை. புதையல், வானிலை, வழியில் எதிர்ப்படும் விலங்குகள் ஆகியவற்றுக்கு அச்சுநூலையே நம்பலாம் என்பேன். இறக்குமதியாகும் கெட்டி அட்டை நூல் ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய் ஆவதால், குழுவில் ஒருவர் வாங்கி எல்லாரும் பகிர்ந்துகொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

அச்சுநூலின் குறை அதன் வரிகளின் இயல்பில் இருக்கிறது. 'ஓநாய்கள் மூன்று' என்ற வரி எது வருகிறது என்று சொல்கிறது. அது ஏன் வருகிறது, யாரைத் தேடி வருகிறது, வந்ததால் யாருடைய திட்டம் கெடுகிறது என்பவற்றைச் சொல்வதில்லை. அதற்கும் மேலாக, தமிழில் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் நடுவில் பிரபுக்களும் மதுக்கூடங்களும் பனிமலைக் கோட்டைகளும் வந்து விழும்போது, கேம் மாஸ்டர் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் வேறொன்றாக மாற்றிக்கொண்டே பேச வேண்டியிருக்கிறது. அந்தச் சில நொடித் தயக்கத்தில் மேசையைச் சுற்றி இருப்பவர்களின் கவனம் கலைந்து, கைகள் செல்போனைத் தேடத் தொடங்கிவிடும்.

நூறு வரி கொண்ட பெரிய அட்டவணை இருந்தால் ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. கணக்கு அதற்கு இடம் தரவில்லை. நூறு வரிகளில் 13 முறை உருட்டினாலே, ஏதேனும் ஒரு வரி இரண்டாம் முறை விழுவதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. ஒரு செஷனில் நான்கு முறை உருட்டுகிற குழு இந்த எல்லையை நான்காவது செஷனிலேயே தொட்டுவிடும். இதற்கு மாறாக, ஆள், அந்த ஆளின் தேவை, அதற்கு நிற்கும் தடை என்று ஆறு ஆறு வரிகள் கொண்ட மூன்று சிறிய அட்டவணைகளை எழுதினால், மொத்தம் 18 வரிகளிலிருந்து 216 சேர்க்கைகள் கிடைக்கின்றன. அங்கே ஒரே சேர்க்கை திரும்ப வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டுவதற்கு 18 முறை உருட்ட வேண்டும். எழுதும் உழைப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, பலனோ கூடுதல். நூல்களின் பெரிய அட்டவணைகளை வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இணைய ஜெனரேட்டர்களைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. செலவு கிடையாது, பொத்தானை அழுத்தினால் பெயரும் ஊரும் சதியும் வந்து கொட்டும், தனியாகத் தயாரிப்பு செய்யும்போது தொடக்க முடக்கத்தை உடைக்க அவை உதவும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் தமிழிலேயே ஐம்பது வரிகள் எழுதித் தரும் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஐம்பதையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தால், மர்மமான முதியவர், பழைய ஓலை, தடைசெய்யப்பட்ட கோயில் என்று ஒரே வார்ப்பில் செய்தவை போலத் தோன்றும். எந்த வரியும் தவறாக இராது, எந்த வரியும் நம் மேசைக்கு உரியதாகவும் இராது. ஆட்டத்தின் நடுவில் திரையைப் பார்க்க நேர்வது இன்னொரு இழப்பு. பகடை மேசையில் உருளும்போது எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். எண் நிற்கும் கணத்தில் எழும் ஆரவாரம் செல்போன் திரையில் வரும் பதிலுக்கு எழுவதில்லை. ஆகவே சனிக்கிழமை இரவுக்கு ஜெனரேட்டர் பொருந்தும், ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் பொருந்தாது.

சீட்டுக்கட்டு இவற்றைவிட மதிப்புக்குரியது என்று நினைக்கிறேன். பகடைக்கு நினைவு கிடையாது, சீட்டுக்கட்டுக்கு உண்டு. எடுத்த சீட்டை ஒதுக்கிவைத்தால், மறுபடி கலைக்கும்வரை அது திரும்பாது. 52 சீட்டுகளும் 52 தனித்தனி நிகழ்வுகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்பேட் வந்தால் வன்முறை, ஹார்ட் வந்தால் உறவு, டைமண்ட் வந்தால் பணம், கிளாவர் வந்தால் ஊர்ப்பேச்சு என்று நான்கு இனங்களுக்கு நான்கு பொருள்களை வைத்து, எண்ணை அதன் தீவிரமாகக் கொண்டால், எதையும் எழுதாமலேயே ஒரு மாலை ஆட்டத்தை நடத்தலாம். டைமண்ட் இரண்டு சில்லறைக் கடனாக இருக்கும், டைமண்ட் ராஜா ஒரு குடும்பத்தின் சொத்து மொத்தமும் கைமாறுவதாக இருக்கும். ஆறு முகங்களிலும் படங்கள் பொறித்த ஒன்பது பகடைகள் கொண்ட ஸ்டோரி க்யூப்ஸும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் 54 படங்களிலும் எந்த மொழியின் எழுத்தும் இல்லாததால், தமிழில் படிக்கப் பழகாத, ஆனால் தமிழில் சரளமாகப் பேசுகிற பெங்களூர் பிள்ளைகளோடு ஆடும்போது மிகவும் உதவுகிறது. இரண்டுக்கும் உள்ள எல்லை ஒன்றே: அவை தரும் தூண்டுதல் பொதுவானது, கேம்பெயினின் உலகத்தைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

அந்த உலகத்தைத் தெரிந்திருக்கும் அட்டவணையை நாம்தான் எழுத வேண்டும். இங்கே தமிழ் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பண்டைத் துறைமுக நகர் ஒன்றில் நடக்கும் கேம்பெயினை எடுத்துக்கொள்வோம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் குவிந்து கிடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறது: கடல் வழி வந்த குதிரைகள், தரை வழி வந்த மிளகு மூட்டைகள், வடமலையின் மணியும் பொன்னும், குடமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கைச் சமவெளியின் விளைவு, காவிரியின் விளைவு, ஈழத்து உணவு, காழகத்துப் பொருள்கள். எண்ணிப் பார்த்தால் சரியாகப் பன்னிரண்டு. பன்னிருமுகப் பகடைக்கு ஒன்றும் சேர்க்கவோ நீக்கவோ வேண்டாம். மூட்டைகளில் சுங்க அலுவலர் சோழரின் புலி இலச்சினையைப் பொறித்துக் காவல் காத்ததையும் அதே பாட்டு சொல்கிறது. சரக்கு எது என்பதைப் பகடை சொல்லட்டும். புலி முத்திரை உண்மையானதா, பொறித்த அலுவலர் யாரிடம் கடன்பட்டவர் என்பனவற்றை இரண்டாவது உருட்டல் சொல்லட்டும். அகில் கட்டை, போலி முத்திரை என்று இரண்டு சொற்கள் விழுந்தவுடனேயே ஒரு மாலைக்கான கதை எழுந்து நிற்கிறது.

திணை மரபு இன்னும் ஆழமாக உதவுகிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற பெரும்பொழுதுகள் ஆறு. மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்ற சிறுபொழுதுகளும் ஆறு. ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டினால் ஒரு காட்சியின் காலம் முடிவாகிவிடுகிறது. நிலத்துக்குரிய மக்கள், விலங்கு, பறவை, மரம், பறை, தொழில் என்ற கருப்பொருள் பட்டியலே ஒவ்வொரு நிலத்துக்குமான என்கவுண்டர் அட்டவணையாக, அதாவது வழியில் எதிர்ப்படுபவற்றின் பட்டியலாக, அமைகிறது. பாலையில் எயினரும் செந்நாயும் பருந்தும், முல்லையில் ஆயரும் மானும் காட்டுக்கோழியும் எதிர்ப்படுவார்கள். நிலம் மட்டும் மயங்குவதில்லை (ஒன்றோடொன்று கலப்பதில்லை), காலம் மயங்கலாம் என்றும், வேற்று நிலத்துப் பூவும் பறவையும் வந்து சேர்ந்தால் அவை வந்த நிலத்துக்கே உரியவை ஆகும் என்றும் தொல்காப்பியம் கூறுவது, அட்டவணை எழுதுபவருக்கு நேரடியான வழிகாட்டல். இடத்தை ஒருபோதும் உருட்டிப் பெறாதீர்கள். அதை ஆட்டக்காரர்களின் முடிவே தீர்மானிக்கட்டும். காலத்தையும் எதிர்ப்படுபவரையும் உருட்டுங்கள். பாலை நிலத்து வழியில் நெய்தலின் கடற்பறவை ஒன்று விழுந்தால் அதைப் பிழையென்று மறுபடி உருட்ட வேண்டாம். அது எப்படி இங்கே வந்தது என்று ஆட்டக்காரர்களே கேட்பார்கள், அந்தக் கேள்வியிலிருந்து செஷன் தொடங்கும்.

சொந்த அட்டவணையில் எந்தப் பகடை என்பதும் முக்கியமான முடிவு. ஒரே பகடையை உருட்டினால் எல்லா வரிகளுக்கும் சம வாய்ப்பு. இரண்டு ஆறுமுகப் பகடைகளைக் கூட்டினால் ஏழு விழும் வாய்ப்பு 36இல் 6, இரண்டும் பன்னிரண்டும் விழும் வாய்ப்பு 36இல் 1 மட்டுமே. ஊரின் அன்றாடத்தை நடுவிலும் அரிய நிகழ்வுகளை ஓரங்களிலும் வைத்தால், அந்த ஊருக்கென்று ஒரு குணம் உருவாகிவிடும். இதற்கு நான் பரிந்துரைப்பது பல தமிழ் வீடுகளில் பரணில் கிடக்கும் பித்தளைத் தாயக்கட்டை. ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு பக்கங்கள் இருப்பதால், இரண்டையும் உருட்டினால் ஏழு முடிவுகள் கிடைக்கின்றன. மூன்று விழும் வாய்ப்பு 16இல் 4. இரண்டுக்கும் நான்குக்கும் தலா 3. தாயத்துக்கும் ஐந்துக்கும் தலா 2. ஆறுக்கும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் தலா 1.

துறைமுகத்தின் ஓர் இரவுக்கு நான் எழுதிய அட்டவணை இப்படி அமைந்தது. மூன்று விழுந்தால், சுங்கக் காவலர் ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்கிறார்கள். இரண்டு விழுந்தால், பரதவர் சேரியில் வலை அறுந்ததற்கு யாரோ ஒருவரைக் குற்றம் சாட்டுகிறார்கள். நான்கு விழுந்தால், வேற்றுநாட்டு மாலுமி தன் மொழி தெரிந்தவரைத் தேடி அலைகிறான். தாயம் விழுந்தால், ஆட்டக்காரர் ஒருவரின் உறவினர் வாசலில் வந்து நிற்கிறார். ஐந்து விழுந்தால், கரையின் விளக்கு அணைந்திருக்கிறது, அதை அணைத்தவரைப் பார்த்த சாட்சி ஒரு சிறுமி. ஆறு விழுந்தால், அரசனின் ஆள் மாறுவேடத்தில் இருக்கிறான், அவனை அறிந்தவர் ஆட்டக்காரர்களுள் ஒருவர் மட்டுமே. பன்னிரண்டு விழுந்தால், கடலில் இறந்துவிட்டதாகக் கருதி எல்லாச் சடங்கும் செய்து முடித்த வணிகர் துறையில் வந்து இறங்குகிறார். அவருடைய பங்கைத் தம்பி ஏற்கெனவே விற்றுவிட்டான். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுக்கு மறு ஆட்டம் உண்டு என்ற எங்கள் வீட்டு வழக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டோம். 16இல் 6 முறை, அதாவது எட்டில் மூன்று பங்கு, இரண்டு நிகழ்வுகள் ஒரே இரவில் மோதுகின்றன. வணிகர் வந்து இறங்கிய நேரத்திலேயே சுங்கக் காவலர் தம்பியின் மூட்டையைப் பிரிக்கச் சொன்னால், கேம் மாஸ்டர் அதற்கு மேல் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அட்டவணைக்கான சரக்கு இலக்கியத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்பதில்லை. பெங்களூர்த் தமிழர்களின் நினைவில் கோலார் தங்கவயலுக்கு இணையான பாதாளம் வேறெது? 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்று, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, 2001இல் மூடப்பட்ட வயல்கள் அவை. இறங்கி உழைத்தவர்களில் மிகப் பலர் தமிழர்கள். எங்கள் குழுவில் ஒருவரின் தாத்தா அங்கே வேலை செய்தவர். பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறுவது, கீழே போகப் போக ஏறும் வெப்பம், மேலே ஏற்றிச் செல்லும் கேஜுக்காகக் காத்திருக்கும் நேரம் என்று அவர் சொன்னவற்றைக் கொண்டு ஓர் ஆழ அட்டவணை எழுதினோம். ஆறுமுகப் பகடையின் எண்ணோடு இறங்கிய தளங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மேல்தளங்களில் கசியும் நீரும் அணைகிற விளக்கும், கூட்டுத்தொகை ஏற ஏற மூச்சு முட்டும் வெப்பமும் பாறை வெடிப்பும். 1974இன் அந்த முதல் உருட்டல் செய்த வேலையை, காலம் கடத்தினால் விலை உண்டு என்ற நெருக்கடியை, இது எங்கள் குடும்பக் கதைகளின் சொற்களில் செய்தது. உயிர்களைப் பறிகொடுத்த குடும்பங்களின் நினைவு என்பதால், அவரிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொண்டே எழுதினோம். எவருடைய வீட்டுத் துயரத்தையும் அட்டவணை வரியாக்கும் முன் கேட்டுவிடுவது கட்டாயம் என்று கருதுகிறேன்.

சொந்த அட்டவணையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. எழுதுபவரின் விருப்பங்களே திரும்பத் திரும்ப அதில் விழும். சதிகளை விரும்பும் கேம் மாஸ்டரின் பன்னிரண்டு வரிகளில் ஒன்பது சதியாகவே இருக்கும். எண்களின் சமநிலையும் சோதிக்கப்பட்டிராது. முதலாவது குறைக்கு மருந்து, சில வரிகளை ஆட்டக்காரர்களையே எழுதச் சொல்வது. இரண்டாவதற்கு, சண்டையின் வலிமையையும் புதையலின் அளவையும் அச்சுநூலிடமே விட்டுவிடுவது. ஒரு வரி நல்லதா என்று சோதிக்க நான் பார்ப்பது, அதில் எதையோ விரும்பும் ஒருவர் இருக்கிறாரா என்பதைத்தான். 'பழைய கிணறு' என்பது வெறும் காட்சி. 'கிணற்றைத் தூர்த்துவிட வேண்டும் என்று அவசரப்படும் ஊர்த்தலைவர்' என்பது செஷன்.

ஆகவே தேர்வு ஆடும் சூழலைப் பொறுத்தது. இந்திராநகர், கோரமங்களா பகுதிகளின் போர்டு கேம் கஃபே ஒன்றில் முன்பின் அறியாதவர்களோடு ஒரே மாலையில் முடியும் ஆட்டத்தை நடத்துகிறவர் அச்சுநூலையும் ஒரு சீட்டுக்கட்டையும் எடுத்துச் சென்றால் போதும். அந்த மேசைக்கென்று எழுதும் வரிகள் மறுநாள் பயன்படப்போவதில்லை. பிள்ளைகளோடு ஆடுபவருக்குப் படப் பகடைகள். நேரமே கிடைக்காத வாரத்தில் ஜெனரேட்டரிடம் இருபது வரிகள் கேட்டு, அவற்றில் பதினேழை அடித்துவிட்டு, மிஞ்சிய மூன்றை நம் ஊருக்கு மாற்றிக்கொள்வதில் தவறில்லை. ஆறு மாதம், ஓராண்டு என்று ஒரே உலகத்தில் ஆடப்போகும் குழுவோ, முதல் செஷனுக்கு முன்பே ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, பக்கத்துக்கு ஓர் அட்டவணை என்று தொடங்கிவிட வேண்டும். முதலில் மூன்று போதும். ஒவ்வொரு செஷனின் முடிவிலும் அன்று விழுந்த வரிகளை அடித்துவிட்டு, அந்த நிகழ்வால் ஊரில் என்ன மாறியது என்பதைக் கொண்டு அதே எண்ணில் புதிய வரியை எழுதும் பொறுப்பை, அன்று பகடையை உருட்டியவரிடமே கொடுத்துவிடலாம்.